கோழிப்பேன் ஏரியிலிருந்து வருவதில்லை

காவேரிப்பாக்கம் ஏரியில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் இறங்கத் தொடங்கிவிட்டால், சிகிச்சைக்குக் கோழி கொண்டுவருபவர்களிடம் ஒரே புகார்தான்: "வெளிநாட்டுப் பறவையால் எங்கள் கோழிக்கெல்லாம் பேன் பிடித்துவிட்டது, டாக்டர்." வேலூர்ப் பக்கம் கால்நடை மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இது வீண்பழி.

கோழியின் ஆசனவாய்க்குக் கீழே இறகை விலக்கிப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் நீளப் பூச்சிகள் வெளிச்சம் பட்டதும் ஓடும். இறகின் அடிக்காம்பில் ரவை ஒட்டினாற்போல் கொத்தாக இருப்பது ஈர். இந்தப் பேனுக்குச் சிறகில்லை, குதிக்கவும் வராது. பிறப்பும் சாவும் கோழியின் உடம்பிலேயே. கீழே விழுந்தால் சில நாட்களில் செத்துவிடும். (பகலில் கூண்டின் இடுக்கில் பதுங்கி, இரவில் ரத்தம் குடிப்பது உண்ணி, அதற்கு வைத்தியமே வேறு.)

பேன் தன் பறவையை விட்டு எளிதில் போகாது என்பதையே அதன் மரபணுவும் சொல்கிறது. மூன்று நான்கு வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடுவதால், பேனின் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றல் தரும் உறுப்பு) மரபணு பறவையினுடையதைவிட வேகமாக மாறுகிறது. அதை ஒப்பிட்டால் எந்தப் பேனுக்கு எது பங்காளி, எது தூரத்து உறவு என்று வம்சாவளியே போட்டுவிடலாம். பல இனங்களில் பறவையின் வம்சமும் பேனின் வம்சமும் சேர்ந்தே கிளை பிரிந்திருக்கின்றன. காரணம் அலகு. இறகிடுக்கில் கச்சிதமாகப் பதுங்கும் அளவில் இல்லாத பேனைப் பறவை கோதி எடுத்துவிடும். புறாப் பேனை வெவ்வேறு அளவுள்ள புறா இனங்களில் விட்டுப் பார்த்தபோது, தன் பழைய பறவையின் அளவை ஒத்ததில் விடப்பட்டவையே தாக்குப்பிடித்தன.

ஒரு பறவை இனத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேன் தாவவே தாவாதா? தாவியிருக்கிறது. பழவேற்காட்டுக்கு வரும் பூநாரைக்கு மரபணுப்படி நெருங்கிய சொந்தம் முக்குளிப்பான். ஆனால் பூநாரையின் பேனுக்கு நெருங்கிய சொந்தம் வாத்துப் பேன். எப்போதோ ஒரு காலத்தில் பூநாரையிலிருந்து வாத்துக்குப் பேன் தாவியிருக்க வேண்டும் என்பதே 2006இல் வந்த ஆய்வின் முடிவு. அது பரிணாமக் கணக்கு. ஒரு பனிக்காலத்தில் நடக்கிற காரியமல்ல.

அறுவடை முடிந்த கழனியில் கீரி, சந்நியாசி என்ற நாட்டு வாத்து வகைகளை மேய்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நாட்டு வாத்தும் வலசை வரும் காட்டு வாத்தும் ஒரே குடும்பம், பேனும் ஒரே வகையறா. ஆனாலும் பெரும்பாலும் உடம்போடு உடம்பு உரசினால்தான் பேன் மாறும். ஒரே ஏரியில் நீந்தினால் போதாது. எச்சம் வழியாகப் பரவும் பறவைக் காய்ச்சல் வேறு விஷயம். அதற்காகவே வாத்துகளைக் காட்டுப் பறவைகளிடமிருந்து தள்ளி வையுங்கள்.

கோழிக்குப் பேன் பெரும்பாலும் வாரச் சந்தையில் வாங்கிய சேவலோடும், இரவல் வாங்கிய கூடையோடும்தான் வருகிறது. புதுக் கோழியை இரண்டு வாரம் தனியே அடையுங்கள். அலகு அடிபட்ட கோழியும் நோயில் துவண்ட கோழியும் சரியாகக் கோத முடியாமல் பேன் மண்டி நிற்கும். அவற்றை முதலில் பாருங்கள். மண்ணும் சாம்பலும் கலந்த குழி ஒன்று கொல்லையில் இருக்கட்டும், கோழி தானே புரண்டு கொள்ளும்.

கத்தரிக்கு அடித்த மருந்தில் மிச்சத்தைக் கோழி மேல் தெளிக்காதீர்கள். பேனுக்கு முன் கோழி செத்துவிடும், முட்டையிலும் விஷம் தங்கும். மருந்தையும் அளவையும் மருத்துவரிடம் கேளுங்கள். எத்தனை நாள் முட்டையைத் தவிர்ப்பது என்பதையும் சேர்த்தே கேளுங்கள். எல்லாக் கோழிக்கும் ஒரே நாளில் போட வேண்டும். மருந்துக்கு ஈர் சாகாது என்பதால், பத்துப் பதினான்கு நாளில் இன்னொரு முறை போட வேண்டியிருக்கும்.