எந்தச் சட்டத்தின் கீழ்?

மேலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா, வக்கீலான என்னைத் தேடி மதுரை ஒத்தக்கடைக்கு வந்திருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு மஞ்சப்பை.

"செவப்பு பெயிண்ட்ல செவுத்துல கோடு போட்டுட்டுப் போயிட்டாய்ங்க தாயி. திங்கக்கிழமை ஜேசிபி வருமாம்."

"நோட்டீஸ் ஏதும் கொடுத்தாங்களாம்மா?"

"வாயாலதான் சொன்னாய்ங்க."

பையில் இருந்ததை மேஜையில் பரப்பினேன். ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, கரண்ட் அட்டை, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பி-மெமோ ரசீதுகள். பட்டா இல்லை. பி-மெமோவை நம் ஊர்களில் கிரயப் பத்திரம் மாதிரிப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். 'நீ புறம்போக்கில் இருக்கிறாய்' என்று வருவாய்த்துறை எழுதிக் கொடுத்த தாள் அது. குடியிருந்ததைக் காட்டும், இடம் உங்களுடையது என்று காட்டாது. இதைச் சொன்னதும் அந்த அம்மா கேட்டார்: "காசு வாங்கிட்டுத்தானே குடுத்தாய்ங்க?" இத்தனை வருஷத் தொழிலில் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்று என்னிடம் அகப்படவே இல்லை.

நவம்பர் 26 வந்தால் பள்ளி, கல்லூரிகளில் அரசியலமைப்பு நாள் என்று பேசக் கூப்பிடுகிறார்கள். 1949-ல் அந்த நாளில்தான் அரசியல் நிர்ணய சபை அதை ஏற்றுக்கொண்டது. நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. பிள்ளைகள் முகப்புரையை மனப்பாடமாகச் சொல்வார்கள். நான் அந்த மஞ்சப்பையின் கதையைச் சொல்வேன். என்னைக் கேட்டால் அந்தப் பெரிய புத்தகத்தின் அஸ்திவாரம் ஒரே கேள்விதான்: எந்தச் சட்டத்தின் கீழ் இதைச் செய்கிறீர்கள்? தாசில்தாரானாலும் சரி, மந்திரியானாலும் சரி, இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்பதில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம். பக்கத்து வீட்டுக்காரர் சுவரை ஏற்றிக் கட்டிவிட்டார், என் அடிப்படை உரிமை போச்சு என்று வருவார்கள். அது முன்சீஃப் கோர்ட்டில் போட வேண்டிய சிவில் வழக்கு. அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசைப் பார்த்துப் பேசுகின்றன. அரசு என்றால் டெல்லியும் சென்னையும் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 12-ஆம் உறுப்பு, நாங்கள் பேச்சில் ஆர்ட்டிகிள் என்போம், உள்ளாட்சி அமைப்புகளையும் சேர்த்துத்தான் சொல்கிறது. உங்கள் ஊர் பஞ்சாயத்தும் அதில் வரும்.

தனி மனிதர்களையும் நேராகப் பிடிக்கிற உறுப்புகள் சில உண்டு. தீண்டாமையை ஒழிக்கும் 17 அதில் முக்கியமானது. மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர், கோயிலுக்குள் நுழையவிடாமல் தடுக்கப்பட்டிருந்த சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டோரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனபோது இந்த அரசியலமைப்பே கிடையாது. ஆனால் அது வந்த பிறகும் இதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே 1996 முதல் 2006 வரை தேர்தலை ஒழுங்காக நடத்த முடியவில்லை. ஊரில் பெரும்பான்மை வேண்டாம் என்றது. ஊராட்சிகளில் இடஒதுக்கீடு தரும் 243டி உறுப்பு வேண்டும் என்றது. 2006 அக்டோபரில் ஓட்டுப்பதிவு நடந்து தலைவர்கள் பதவியேற்றார்கள். பத்து வருஷம் ஆனது. எழுத்து எழுத்தாகவே கிடந்த அந்தப் பத்து வருஷத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, அந்த அம்மாவின் வீட்டுக்கு வருவோம். வீடு கண்மாய்க்குள் இருக்கிறது என்பதுதான் அதிகாரிகள் சொல்வது. பொதுப்பணித்துறைக் கண்மாய் என்றால் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. இது ஊராட்சி ஒன்றியத்தின் கண்மாய். அதனால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான், ஆனாலும் ஏழாம் பிரிவில் காலி செய்வதற்கு முன்னால் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. சுவரில் பெயிண்ட் அடிப்பது நோட்டீஸ் ஆகாது.

இந்த இடத்தில் அதிகாரிகள் வழக்கமாகச் சொல்வது: "கண்மாய்க்குள்ள வீடு கட்டியிருக்காங்க மேடம், அவங்க விளக்கம் சொல்லி என்ன ஆகப்போகுது?" 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் வைக்கப்பட்டதும் கிட்டத்தட்ட இதே வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிழைப்பும் 21-ஆம் உறுப்பு சொல்லும் உயிர்வாழும் உரிமைக்குள் அடக்கம், அதைப் பறிக்கும் முன் அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றது. அதற்காக நடைபாதையிலேயே காலத்துக்கும் இருந்துகொள்ளுங்கள் என்றும் சொல்லிவிடவில்லை. தீர்ப்பின் இந்தப் பாதியை மேடையில் யாரும் சொல்வதில்லை.

வீடுகளை புல்டோசர் வைத்து இடிப்பது பற்றி 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் அப்படித்தான். பதினைந்து நாள் நோட்டீஸ் இல்லாமல் எந்த வீட்டையும் இடிக்க முடியாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் இருக்கும் கட்டடங்களுக்கு அந்த உத்தரவு பொருந்தாது என்று அதிலேயே இருக்கிறது. அந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி நான் போயிருந்தால் திரும்பி வந்திருக்க வேண்டியதுதான். 1905-ஆம் ஆண்டு பழைய சட்டம்தான் கைகொடுத்தது.

226-ஆம் உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டோம். அட்மிஷன் பட்டியலில் வந்தது, அரசு வழக்கறிஞர் நோட்டீஸ் பெற்றுக்கொண்டார், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஏழாம் பிரிவின்படி நோட்டீஸ் கொடுங்கள், விளக்கத்தைப் பரிசீலியுங்கள், காரணம் சொல்லி உத்தரவு போடுங்கள், அதுவரை வீட்டைத் தொடாதீர்கள். 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறப்பதற்கு முன் இந்த ஐந்து நிமிடத்துக்காக சென்னைக்கு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கப் பயணம் போக வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து வீட்டைக் கொடுத்தவர்கள் எத்தனை பேரோ.

விளக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டோம்: அளந்து காட்டுங்கள். சர்வேயர் வந்தார். அடுப்படியும் பின்கட்டும் கண்மாய்க்குள். முன்னறையும் திண்ணையும் எல்லைக்கு வெளியே, ஊர்க் குடியிருப்பு நிலமான நத்தத்தில். சிவப்புக் கோடு திண்ணையில் போட்டிருந்தார்கள். 'விளக்கம் சொல்லி என்ன ஆகப்போகுது' என்றவர்களுக்கு அந்த முன்னறைதான் பதில்.

அடுப்படி போய்விட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆட்சேபம் இல்லை. கண்மாய்க்குக் கீழே ஆயக்கட்டில் வயல் வைத்திருப்பவர்களும் அதே அரசியலமைப்பைப் பிடித்துக்கொண்டுதான் கோர்ட்டுக்கு வருகிறார்கள். அடுத்த மாதம் அவர்களுக்காக நானே ஆஜராகலாம்.

நாடாளுமன்றத்துக்கும் இதே கேள்விதான். 1973 ஏப்ரல் 24-ல் கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து, ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், அரசியலமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்கக் கூடாது என்றார்கள். வழக்குப் போட்டவர் காசர்கோடு எடநீர் மடத்தின் தலைவர். அவர் கேட்ட நிவாரணம் அவருக்குக் கிடைக்கவில்லை. முன்னறையாவது கிடைத்த எங்கள் கட்சிக்காரர், அந்த அம்மா, பரவாயில்லை.

இப்படி யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் வந்த தேதி, நேரம், வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கே அந்த அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு மனு அனுப்புங்கள். ரிட்டில் நாங்கள் முதலில் தேடுவது அந்தத் தபால் ரசீதைத்தான். நோட்டீஸ் வந்தால் கவரையும் சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். நாள் கணக்கு அதிலிருந்துதான். வக்கீல் வைக்க வசதியில்லையே என்றால் 39ஏ உறுப்பு இலவச சட்ட உதவி பற்றிச் சொல்கிறது. அதற்கான 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பே கிடையாது. 15100 என்ற எண்ணுக்கு அடிக்கலாம்.

அப்புறம் ஒன்று. கோர்ட் உத்தரவுக்குப் பிறகு நோட்டீஸ் வந்ததும் அந்த அம்மா பேரனைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் வந்தார். பயந்துபோய் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதற்கு முன் அலுவலகப் பட்டியலில் அவர் வெறும் வரிசை எண் 17. நோட்டீஸைப் பேரன் எழுத்துக்கூட்டிப் படிக்க, "எம் பேரு போட்டிருக்குல்ல?" என்று விரலை வைத்துக் கேட்டார். போட்டிருந்தது, தகப்பனார் இனிஷியல் மட்டும் தப்பு. எங்கள் விளக்கக் கடிதத்தின் முதல் வரியில் அதைத்தான் திருத்தினோம்.