கரியர் என்றால் வேலையா?

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பொதுப்பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி பார்க்கும் தொடர் ஒன்று உண்டு: 'காலேஜ் அண்ட் கரியர் ரெடி'. பாடத் தேர்வுப் படிவத்தில் இருக்கும், பெற்றோர் கூட்டத்தில் காதில் விழும், பள்ளி மாவட்டம் அனுப்பும் கடிதத்திலும் வரும். வீட்டில் பாட்டிக்கு விளக்கும்போது 'கல்லூரிக்கும் வேலைக்கும் தயார் பண்றாங்க' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கல்லூரி, சரி. கரியரை வேலை என்று சொல்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஒரு பெண் மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்கிறாள். மேலே படித்துச் செவிலியர் ஆகிறாள். பல ஆண்டுகள் கழித்துச் செவிலியர் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அவள் பார்த்தது மூன்று வேலை, கரியர் ஒன்றுதான்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். லத்தீனில் 'கர்ருஸ்' என்றால் வண்டி. அதிலிருந்து வண்டி போகும் தடத்துக்கு ஒரு பெயர் வந்தது. பிரெஞ்சில் அது 'கரியேர்' ஆகி, குதிரைகள் ஓடும் பந்தயத் தடத்தைக் குறித்தது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் ஓட்டக்களம், பாய்ச்சல் என்றுதான் பொருள். ஒருவர் தம் தொழிலில் கடந்துவரும் நெடுவழி என்ற இன்றைய பொருள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஊன்றியது. நம் வீட்டு டிபன் கேரியரும் சைக்கிள் கேரியரும் அதே வண்டியிலிருந்து இறங்கியவைதான்; 'கார்' என்ற சொல்லும் அப்படியே. பாடத்திட்டத்தைக் குறிக்கும் 'கரிக்குலம்' ஓடுதல் என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. கரியர், கரிக்குலம் இரண்டுக்கும் ஆதி வேர் ஒன்றே என்று சொற்பிறப்பு அகராதிகள் காட்டுகின்றன. பள்ளியில் ஓடும் தடமும் பள்ளிக்குப் பிறகு ஓடும் தடமும் வேரிலேயே உறவு என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அமெரிக்கப் பள்ளிகளுக்குள் இந்தச் சொல் இவ்வளவு ஆழமாகப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. 1917இல் வந்த கூட்டரசுச் சட்டம் தொழில் கற்பிக்கும் பள்ளிகளுக்கு நிதி கொடுத்தது. அப்போது அதன் பெயர் 'வொக்கேஷனல்' கல்வி. 'வொக்கேஷன்' என்பது லத்தீனில் 'அழைப்பு'. இறைவன் அழைத்த பணி என்ற உயர்ந்த பொருளில் தொடங்கிய சொல் அது. ஆனால் நாளடைவில், கல்லூரிக்குப் போகமாட்டாத பிள்ளைகளை ஒதுக்கும் வகுப்பு என்று அந்தச் சொல்லின்மேல் கறை படிந்துவிட்டது. 2006இல் அதன் வழிவந்த சட்டத்தைப் புதுப்பித்தபோது 'வொக்கேஷனல்' போய், 'கரியர் அண்ட் டெக்னிக்கல்' வந்தது. நம் ஊரில் பிளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவை 'படிப்பு வராத பிள்ளைக்கு' என்று சொல்லும் பழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்த வலி புரியும். வெல்டிங் கற்கும் பையனும் கால்குலஸ் படிக்கும் பையனும் ஒரே மரியாதைக்கு உரியவர்கள். 'காலேஜ் அண்ட் கரியர்' என்ற தொடரின் நடுவில் 'அல்லது' இல்லை, 'அண்ட்'தான் இருக்கிறது. அதை மொழிபெயர்ப்பில் தவறவிடக் கூடாது.

டெக்சாஸ் இன்னும் ஒரு படி போய் ராணுவத்தையும் சேர்த்துக்கொண்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்லூரிக்கோ தொழிலுக்கோ படைச்சேவைக்கோ ஆயத்தமாகப் பள்ளி முடிக்கும் மாணவர்கள் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால், அந்தப் பள்ளி மாவட்டத்துக்குக் கூடுதல் நிதி கிடைக்கும். அதனாலும்தான் உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரிப் பாடம் எடுத்து இரண்டு இடத்திலும் மதிப்பெண் கணக்கில் சேரும் வகுப்புகளுக்கும், தொழில்துறைச் சான்றிதழ்களுக்கும் அங்கே இத்தனை முக்கியத்துவம்.

இடையில் ஒரு எச்சரிக்கை. 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்பதைக் 'கல்வி மாவட்டம்' என்று எழுதாதீர்கள். தமிழ்நாட்டில் கல்வி மாவட்டம் என்பது பள்ளிக்கல்வித் துறையின் நிர்வாகப் பிரிவு. அமெரிக்காவில் உள்ள ஏறத்தாழ 13,000 மாவட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த வாரியமும், வீட்டுவரி வழியாக வரும் சொந்த வருவாயும் உண்டு. 'பள்ளி மாவட்டம்' என்றே இருக்கட்டும்.

அப்புறம், கரியருக்குத் தமிழ் என்ன? 'தொழில்' என்று மட்டும் சொன்னால், 'என்ன தொழில் பண்றார்?' என்ற கேள்வியில் வருவதுபோல் வியாபாரம் நினைவுக்கு வருகிறது. 'உத்தியோகம்' மேசையும் நாற்காலியும் உள்ள வேலைக்குச் சுருங்கிவிட்டது. 'பிழைப்பு' உயிர்ப்பான சொல்தான், ஆனால் அதில் ஏற்றம் இல்லை. பிள்ளைக்கு வழிகாட்ட யாரும் அதைப் பயன்படுத்தமாட்டார்கள். 'பணிவாழ்வு' பரவாயில்லை, கொஞ்சம் அரசு அலுவலக வாடை.

நல்ல சொல் ஏற்கெனவே பெயர்ப்பலகையில் தொங்குகிறது. தமிழ்நாட்டில் நாம் 'எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்' என்று சொல்லும் இடத்தின் முழுப்பெயரைப் படித்துப் பாருங்கள்: 'மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்'. தொழில்நெறி! நெறி என்றால் பழந்தமிழில் வழி, பாதை. நடந்துகொள்ளும் முறையும் அதுவே. வண்டித்தடத்தில் பிறந்த ஆங்கிலச் சொல்லுக்கு, பாதையைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லை யாரோ பொருத்தியிருக்கிறார்கள். வேலை வேறு, தொழில்நெறி வேறு என்பதையும் அந்த ஒரே பலகை பிரித்துக் காட்டிவிடுகிறது.

ஆக, அந்தக் கடிதத்தில் இருக்கும் தொடரை 'உயர்கல்விக்கும் தொழில்நெறிக்கும் ஆயத்தம்' என்று எழுதலாம். அதே கடிதத்தில் 'கரியர் பாத்வே' என்று இன்னொன்று வரும்: நலப்பணி, பொறியியல், சமையற்கலை என்று ஆண்டு வரிசையில் அடுக்கிய பாடத்தொகுப்பு. அதற்குத் 'தொழில்நெறிப் பாதை' என்று எழுதக் கை போகும். வேண்டாம். நெறிக்குள்ளேயே பாதை இருக்கிறது. 'நலப்பணித் தொழில்நெறி' என்றாலே போதும்.