கஸ்மாலம்: கீதையில் இருந்த சொல் தெருவுக்கு வந்த கதை

"ஏ கஸ்மாலம், வூட்ல சொல்லிக்கினு வன்ட்டியா?" வண்டிக்குக் குறுக்கே வந்தவரைச் சென்னையில் முன்பெல்லாம் இப்படித்தான் திட்டுவார்கள். சேரியில் பிறந்த சொல் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு.

இதன் மூலம் வடமொழிக் 'கச்மலம்'. பகவத் கீதை இரண்டாம் அத்தியாயத்தின் இரண்டாம் சுலோகத்திலேயே இருக்கிறது. வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்த அர்ச்சுனனைப் பார்த்து, இந்த இக்கட்டில் உனக்கு எங்கிருந்து வந்தது இந்தக் கச்மலம் என்று கேட்கிறான் கண்ணன். அங்கே பொருள் மனக்கலக்கம், சோர்வு. அழுக்கு என்ற பொருளும் வடமொழியில் உண்டு. தமிழ் எடுத்துக்கொண்டது அதைத்தான்.

சகரமும் மகரமும் இப்படி ஒட்டி வருவது தமிழ் நாக்குக்கு ஒத்துவராது. நடுவே ஓர் உகரம் நுழைந்து, மகரம் நீண்டு, கசுமாலம் ஆனது. அப்புறம் சென்னைப் பேச்சில் அந்த உகரமும் தேய்ந்து கஸ்மாலம். ஆளை அழுக்கன் என்று சொல்லாமல் அழுக்கு என்றே கூப்பிடுகிறது பாருங்கள், அதில்தான் இந்த வசையின் காரம் இருக்கிறது. தரித்திரம், பீடை என்று ஆளையே திட்டுவதும் இதே வகை.

அந்தக் காரம் இப்போது இல்லை. ஒரு காலத்தில் கைகலப்பு வரை போன சொல்லை, சினிமாவின் ரிக்‌ஷாக்காரப் பாத்திரங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிப்பாக்கிவிட்டன. இன்று நண்பனைச் செல்லமாகச் சீண்டத்தான் பயன்படுகிறது. இளைஞர்களின் ஏளனம் மொக்கை, க்ரிஞ்ச் என்று வேறு பக்கம் போய்விட்டது. கூடப் பிறந்ததுபோல் உடன் வரும் 'பேமானி'க்கும் இதே கதிதான். உருது வழியாக வந்த 'பேஈமான்', அதாவது நேர்மையில்லாதவன். யாரையும் ஏமாற்றாதவரும் அந்தத் திட்டை வாங்கினார், இன்றைக்கு அதுவும் வேடிக்கைப் பேச்சு.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? கீதைப் பொருளுக்குக் கலக்கம் போதும். அழுக்குக்கு மாசு இருக்கிறது. 'மனத்துக்கண் மாசிலன் ஆதல்' என்று குறளே ஆண்ட சொல். ஆனால் மாசு என்று யாரையும் திட்ட முடியாது, அவ்வளவு மென்மை. வசைக்கு என் தேர்வு 'ஊத்தை'. ஈழத் தமிழர்கள் துவைக்காத துணியை இன்றும் ஊத்தை உடுப்பு என்றே சொல்கிறார்கள்.