பெருக்கும் முன் ஒரு நிமிடம்

பதினொன்றாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திவிட்டு, வயிற்றெரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன்.

கேள்வி இதுதான். நேர்கோட்டில் நகரும் பொருளின் மேல், நகரும் திசையிலேயே ஒரு விசை. கடந்த தூரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 3-ஆல் பெருக்கினால் விசை நியூட்டனில் வரும். முதல் 2 மீட்டரில் செய்யப்பட்ட வேலை எவ்வளவு?

பாதிக்கு மேல் 24 ஜூல் என்று எழுதியிருக்கிறார்கள். கடைசியில் விசை 12 நியூட்டன், தூரம் 2, பெருக்கியாயிற்று! சின்ன வகுப்பில் மனப்பாடம் செய்த 'விசை பெருக்கல் தூரம்' மாறாத விசைக்கு மட்டும்தானப்பா. இங்கே கிளம்பும்போது விசையே பூஜ்ஜியம். 12 நியூட்டன் என்பது அந்தக் கடைசிப் புள்ளியில் மட்டும். பைபாஸில் 80-ல் போகிற பஸ், ஸ்டாண்டிலிருந்தே 80-ல் வந்தது என்று யாராவது சொல்வோமா?

அதைவிட எரிச்சல் தருவது 12 ஜூல். "சராசரி எடுத்தேன் சார்." சுருள்வில் கணக்கில் பாதி வந்ததால் எல்லாவற்றிலும் பாதி வரும் என்று நினைப்பு. சுருள்வில்லில் விசை தூரத்தோடு நேர்விகிதத்தில் ஏறுகிறது, அதனால் அங்கே அது செல்லும். இங்கே பாதி வழியில், அதாவது 1 மீட்டரில், விசை என்ன? 6 அல்ல, 3. கடைசிப் பகுதியில்தான் விறுவிறுவென்று ஏறுகிறது. தொகையிட்டால், அதாவது வழியைச் சின்னச் சின்னத் துண்டாக்கி ஒவ்வொன்றின் வேலையையும் கூட்டினால், தூரத்தின் கனம் வரும், 2-இன் கனம் 8. விடை 8 ஜூல்.

சுருள்வில்லிலும் வழுக்குகிறார்கள். மாறிலி, அதாவது ஒரு மீட்டர் நீள இழுப்புக்கு ஏறும் விசை, 200 நியூட்டன் என்றால் முதல் 10 செ.மீ. இழுக்க 1 ஜூல். அடுத்த 10 செ.மீ.க்கு? மறுபடியும் 1 என்கிறார்கள். 3 ஜூல். லேபில் ஒருமுறை இழுத்துப் பார்த்திருந்தால் கையே சொல்லியிருக்கும்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் இயற்பியல் புத்தகத்தில் வேலை முதல் தொகுதியிலேயே வந்துவிடுகிறது. கணக்கில் தொகை நுண்கணிதம் வருவதோ இரண்டாம் தொகுதியில். நடுவில் தவிப்பது அவர்கள்தான்.

எதையும் பெருக்கும் முன், வழி நெடுக விசை அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தூரத்துக்கு எதிராக விசையை வரைபடம் போடுங்கள், கோட்டுக்கும் தூர அச்சுக்கும் நடுவே உள்ள பரப்புதான் வேலை. தொகையிடும்போது கீழ் எல்லை, அதாவது தொடங்கும் இடம், எப்போதும் பூஜ்ஜியம் இல்லை. சென்டிமீட்டரை அப்படியே எல்லையாகப் போடாதீர்கள். விசை எதிர்த்திசையில் இருந்தால் குறைக் குறியை விழுங்காதீர்கள், தயவுசெய்து.

ஒரு மாணவி தொகையிடவே இல்லை. 2 மீட்டரை நான்கு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் முனை விசைகளின் சராசரி எடுத்துக் கூட்டியிருந்தாள். 8.25 வந்திருந்தது. பக்கத்தில் பென்சிலால், 'இன்னும் சின்னதா வெட்டினா குறையும் சார்'. முழு மதிப்பெண் போட்டேன்.