பாவம் அந்த லாக்டிக் ஆசிட்

காவலர் தேர்வுக்கு அறிவிப்பு வந்தால் பாளையங்கோட்டையில் எனக்குத் தனியாகச் செய்தித்தாள் வேண்டாம். அண்ணா ஸ்டேடியத்தில் விடியக்காலையிலேயே கூட்டம் கூடிவிடும். இரண்டே நாளில் அந்தக் கூட்டத்தில் பாதி என் பிசியோதெரபி அறை வாசலில் நிற்கும். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதுவரை சும்மா இருந்த கால்களை ஒரே வாரத்தில் பழக்கப் பார்க்கிறார்கள்.

போன முறை முன்னீர்பள்ளம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். என் அறை மாடியில் இருக்கிறது. ஏறி வரும்போது ஓரளவு சமாளித்தவன், இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினான். "முந்தா நாள் ஓடுனதுல லாக்டிக் ஆசிட் எறங்கிட்டு சார். தொடையில கை வச்சாலே வலிக்கி. நல்லா உருவி அதை வெளியே எடுத்து விடுங்க" என்றான்.

உருவி எடுக்க அங்கே எதுவும் மிச்சமில்லை. லாக்டிக் ஆசிட் நம் உடம்பில் லாக்டேட் என்ற வடிவில்தான் இருக்கும். சும்மா இருக்கும்போது ரத்தத்தில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிமோல் என்ற அளவில் இருக்கும். உயிரைக் கொடுத்து ஓடினால் 10, 15 என்று ஏறும். ஓட்டத்தை நிறுத்தி ஒரு மணி நேரம், மிஞ்சினால் இன்னும் கொஞ்ச நேரம், பழைய நிலைக்கே வந்துவிடும். முந்தா நாள் காலையில் ஓடியவன் இட்லி சாப்பிட்டு முடிக்கும்போதே லாக்டேட்டின் கதை முடிந்தாயிற்று.

இட்லி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மாவும் மோரும் புளிப்பது இதே லாக்டிக் அமிலத்தால்தான். 1780இல் ஷீலே என்ற வேதியியலாளர் அதைப் புளித்த பாலிலிருந்துதான் பிரித்தெடுத்தார். அப்புறம் தவளைக் கால் தசைகளை வைத்து ஆராய்ந்தவர்கள், களைத்த தசையில் அது சேர்வதைப் பார்த்தார்கள். தசை வேலையை ஆராய்ந்த ஹில், மேயர்ஹாஃப் இருவருக்கும் 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. களைப்பு வந்த இடத்தில் அது இருந்ததால், களைப்புக்குக் காரணமே அதுதான் என்று பேர் கட்டிவிட்டார்கள். குற்றம் நடந்த தெருவில் நின்றவனைப் பிடித்த கதைதான். நானும் அப்படியே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான்.

உள்ளே நடப்பது வேறு. வேகமாக ஓடும்போது தசை குளுக்கோஸை அவசரமாக உடைத்து ஏடிபி என்ற எரிபொருளை ஆக்குகிறது. அதில் வரும் பைருவேட் என்ற பொருள்தான் லாக்டேட்டாக மாறுகிறது. அமிலத்தன்மையை ஏற்றுவது ஹைட்ரஜன் அயனிகள். அந்த மாற்றம் அதில் ஒன்றைத் தன்னோடு எடுத்துக்கொள்கிறது, அதாவது அமிலத்தைக் கொஞ்சம் குறைக்கவே செய்கிறது. ஏடிபி உடையும்போது வெளிவரும் ஹைட்ரஜன் அயனிகள் அள்ளி முடியாமல் தேங்குவதால்தான் தசையில் அமிலத்தன்மை ஏறுகிறது. இந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று படித்தவர்களுக்குள் இன்னும் சண்டை உண்டு. அது அவர்கள் பாடு. கடைசி ரவுண்டில் தொடை தீயாய் எரிவதில் இந்த அமிலத்தன்மைக்குப் பங்கு இருக்கிறது. நின்றால் அந்த எரிச்சல் சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

லாக்டேட்டைக் கழிவு என்பதும் சரியில்லை. இதயம் அதை எரித்து வேலை செய்கிறது. கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸாக்கி அனுப்புகிறது. இந்தச் சுற்றைக் கண்டுபிடித்த கோரி தம்பதிக்கும் 1947இல் நோபல் கிடைத்தது.

அப்படியானால் மறுநாள் வலி? பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும், அதை ஆற்ற உடம்பு கிளப்பும் வீக்கமும்தான். தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போது இது அதிகம். படி இறங்குவது, மேட்டிலிருந்து இறங்கி ஓடுவது, தோப்புக்கரணத்தில் உட்காருவது எல்லாம் அந்த வகை. ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை ஏறி, பிறகு தானாகத் தணியும். மெதுவாக நடங்கள், தூங்குங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள். உருவி விட்டால் இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

இவ்வளவும் எழுதக் காரணம் இன்னொரு பையன். பயிற்சிக்குத் தாமதமாக வந்ததற்காக அவனை நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணம் போட வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் என்னிடம் வந்தான். தொடை இரண்டும் கல் மாதிரி வீங்கியிருந்தன. கிளம்பும்போதுதான் வாசலில் நின்று, "ஒண்ணுக்கு கருப்பட்டிக் காப்பி நெறத்துல போகுது சார். ஆசிட் வெளியேறுது, நல்லதுதான்னு மாஸ்டர் சொன்னாரு" என்றான். உடைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரில் இறங்கினால்தான் அந்த நிறம். அது சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கக்கூடியது. அப்போதே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நாலு நாள் டிரிப்ஸ் ஏறி, நல்லபடியாக வீடு திரும்பினான்.

இப்போதெல்லாம் கால் வலி என்று வருகிறவர்களிடம் முதலில் சிறுநீரின் நிறத்தைத்தான் கேட்கிறேன். பையன்கள் நெளிகிறார்கள். "கால் வலிக்கு இதை எதுக்கு சார் கேக்கிய?" என்று அம்மாமார்கள் முறைக்கிறார்கள்.