புரோலாக்டின் கூடினாலே மூளையில் கட்டியா?

நாலு மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்று ஒரு பெண் வந்திருந்தார். கர்ப்பம் இல்லை. தாய்ப்பால் சுரக்கச் செய்யும் பிட்யூட்டரி ஹார்மோனான புரோலாக்டின், ரத்தத்தில் 90 (ng/mL). இயல்பைவிட அதிகம். இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு மூளைக் கட்டிதான் என்று முடிவுகட்டி, இரண்டு நாளாகத் தூங்கவில்லை. "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். துருவிக் கேட்ட பிறகுதான் வந்தது: வயிற்று உப்புசத்துக்காக, ஆறு மாதமாகத் தினமும் வெறும் வயிற்றில் டோம்பெரிடோன் கலந்த மாத்திரை.

வயிற்று மாத்திரைக்கும் மாதவிலக்குக்கும் என்ன சம்பந்தம்? பிட்யூட்டரியைத் தலைமைச் சுரப்பி என்று பள்ளியில் படித்திருப்போம். அதற்கும் மேலே ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி இருக்கிறது. இரண்டையும் ஒரு மெல்லிய காம்பு இணைக்கிறது. அந்தக் காம்பில் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் வழியே மூளை தன் உத்தரவுகளை ஹார்மோன்களாக அனுப்புகிறது என்று 1940களில் வாதாடியவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹாரிஸ். காம்பை வெட்டினாலும் குழாய்கள் மறுபடி வளர்ந்துவிட்டால் பிட்யூட்டரி வேலை செய்தது. நடுவே ஒரு தகட்டை வைத்து மறித்தால் செய்யவில்லை. ஆனாலும், அந்த ஹார்மோனைக் கண்ணில் காட்டுங்கள் என்றார்கள் மற்ற விஞ்ஞானிகள்.

காட்டுவதற்குள் பல வருடங்கள் ஓடின. அமெரிக்காவில் ரோஜர் கில்லமின் ஆட்டு மூளைகளையும், ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளையும் லட்சக்கணக்கில் சேகரித்துப் போட்டி போட்டுக்கொண்டு தேடினார்கள். அப்படி ஒரு ஹார்மோனை 1 மில்லிகிராம் எடுக்க கில்லமினுக்குச் சுமார் 3 லட்சம் ஆடுகளின் ஹைப்போதலாமஸ் தேவைப்பட்டது. 1969இல் இரு குழுக்களும் கண்டது, தைராய்டைத் தூண்டச் சொல்லும் டிஆர்ஹெச். வெறும் மூன்று அமினோ அமிலங்கள்! 1971இல் ஷாலியின் குழு, மாதவிலக்குச் சுழற்சிக்கு ஆதாரமான ஜிஎன்ஆர்ஹெச்சின் அமைப்பைக் கண்டது. 1977இல் இருவருக்கும் நோபல் பரிசு. அதைப் பகிர்ந்துகொண்ட ரோசலின் யாலோ, ரத்தத்தில் இம்மியளவு இருக்கும் ஹார்மோனையும் அளக்க வழி கண்டவர். இன்று லேபில் புரோலாக்டின் பார்க்க முடிவதே அந்த வழியில் வந்ததுதான்.

மூளை அனுப்பும் உத்தரவுகளில் பெரும்பாலானவை 'சுரக்கட்டும்' என்பவை. புரோலாக்டினுக்கு மட்டும் 'சுரக்காதே' என்பதுதான் முக்கிய உத்தரவு. அதைக் கொண்டுவருவது டோபமைன். டோம்பெரிடோன் அந்த டோபமைனைத்தான் மறிக்கிறது. கடிவாளம் கழன்றதும் புரோலாக்டின் ஏறுகிறது. ஏறிய புரோலாக்டின் ஜிஎன்ஆர்ஹெச்சை அடக்க, மாதவிலக்கு நிற்கிறது. அந்தப் பெண்ணுக்கு மாத்திரையை நிறுத்திச் சில நாள் கழித்துப் பார்த்தபோது அளவு இறங்கியிருந்தது. ஸ்கேனே எடுக்கவில்லை.

மனநல மருந்துகள் சிலவும் இப்படிச் செய்யும். தயவுசெய்து அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதித் தந்த மருத்துவரிடம் பேசுங்கள்.

அப்புறம் தைராய்டு. தைராய்டு குறைந்தால் மூளை டிஆர்ஹெச்சைக் கூட்டும். அது புரோலாக்டினையும் சேர்த்துத் தூண்டும். குறைபாட்டை நெடுநாள் கவனிக்காமல் விட்டால் பிட்யூட்டரியே வீங்கி ஸ்கேனில் கட்டி போலத் தெரியும். தைராக்ஸின் மாத்திரையில் சுருங்கிவிடக்கூடிய வீக்கத்துக்கு அறுவை சிகிச்சை வரை போனவர்கள் உண்டு. அதனால் புரோலாக்டின் ரிப்போர்ட்டோடு, தைராய்டு குறைவைக் காட்டும் டிஎஸ்ஹெச் ரிப்போர்ட்டும் கையில் இல்லாமல் ஸ்கேனுக்கு ஓடாதீர்கள்.

சரி, நிஜமாகவே கட்டி இருந்தால்? அளவு 200ஐத் தாண்டினாலோ, விடாத தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை குறைந்தாலோ தள்ளிப்போடாமல் ஸ்கேன் எடுக்க வேண்டும். புரோலாக்டின் சுரக்கும் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. மண்டையைத் திறக்கவும் அநேகமாகத் தேவைப்படாது. டோபமைன் செய்யும் வேலையைச் செய்கிற காபர்கோலின் மாத்திரை, வாரம் ஓரிரு முறை. பெரும்பாலானவர்களுக்குக் கட்டி அதிலேயே சுருங்கிவிடுகிறது.