ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே ஏன் பெயர்கிறது?

கடலோர ஊர்களில் அடிக்கடி பார்க்கலாம். சன்ஷேடின் அடிப்பக்கம் பெயர்ந்து விழுந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும். கொத்தனார் கம்பியைத் தேய்த்துவிட்டு, புதுக் கலவை பூசிவிட்டுப் போவார். சில மழைக்காலம் கழித்துப் பார்த்தால் பூசிய இடம் உறுதியாக இருக்கும், அதை ஒட்டிய பழைய பகுதி வெடித்திருக்கும். திட்டு வாங்குவது கொத்தனார்தான். ஆனால் விஷயம் மின்வேதியியல்.

நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின்மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல உள்ளே புகுந்து பிஎச்சை 9-க்குக் கீழே இறக்கினால் படலம் நிற்காது. உப்பிலுள்ள குளோரைடோ காரம் குறையாமலே அதை ஆங்காங்கே துளைத்துவிடும். துருவுக்குத் தேவைப்படும் இடம், அரித்த இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு. இழுவிசை தாங்காத கான்கிரீட் பிளந்துவிடுகிறது.

துருப்பிடிக்கும் இடம் ஆனோடு. அது எலக்ட்ரான்களை விட்டுக்கொடுத்து, பக்கத்துக் கம்பியைக் கேத்தோடாக்கிக் காப்பாற்றிவந்தது. அந்த இடத்தைச் சுத்தம் செய்து புதுக் கலவை பூசியதும் நிலைமை தலைகீழாகிறது: ஒட்டுக்குள் இருக்கும் கம்பி கேத்தோடு, ஏற்கெனவே உப்பு ஏறிய பக்கத்துக் கம்பி ஆனோடு. நோயாளி மாறினான், நோய் மாறவில்லை!

அதனால்தான் துரு இல்லாத கம்பி வரும்வரை, கம்பிக்குப் பின்பக்கமும் சேர்த்து, பழைய கான்கிரீட்டை வெட்டி எடுக்கச் சொல்கிறார்கள். பூசுவதற்கு முன் ஒட்டின் ஓரத்தில் துத்தநாகக் கட்டிகளைக் கம்பியோடு கட்டுவதும் உண்டு. இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் கரையும். 1824-இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்கச் சொன்ன அதே உபாயம். பெரிய பாலங்களில் வெளியிலிருந்து நேர்மின்சாரம் கொடுத்து முழுக் கம்பிவலையையும் கேத்தோடாக வைக்கிறார்கள்.

ஆனால் மலிவான காப்பு, கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட்டின் தடிமன், அதாவது மூடாக்கு. கார்பன் டை ஆக்சைடு ஊடுருவும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே 20 மி.மீ. மூடாக்கை 40 ஆக்கினால், அது கம்பியை எட்ட ஏறத்தாழ நான்கு மடங்கு காலம் பிடிக்கும். கடல்நீர் தெறிக்கும் இடத்துக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 கேட்பது 50 மி.மீ. நம் ஆட்களோ இந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கவேண்டிய கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டை முட்டுக்கொடுக்கிறார்கள். கான்கிரீட் கொட்டும்போது யாராவது மிதித்தால் ஜல்லி நழுவி, கம்பி சென்ட்ரிங் பலகையிலேயே படிந்துவிடும். சென்ட்ரிங் பிரித்த அன்றே அடியில் கம்பி தெரிந்த தளங்கள் உண்டு. மறுநாளே அதன்மேல் பூச்சு ஏறிவிடும்.